தட்டின் ஓரத்தில் ஒதுங்குவது எது?

வாசகர் கேள்வி - பதில்

பிள்ளைகளின் சாப்பாடு பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மகனுக்கு நான்கு வயது. ஒரு வேளைச் சோறு ஊட்ட ஒரு மணி நேரம் ஆகிறது. செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறான். தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் தவிர வேறெதுவும் இறங்கவில்லை. காலையில் ஒரு டம்ளர், பதினொரு மணிக்கு ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் என்று பால் மட்டும் தட்டாமல் குடிக்கிறான். நடுநடுவே பிஸ்கட். இவனுக்குப் பசியே எடுக்காதா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மூன்று டம்ளர் பாலும் பிஸ்கட்டும்தான் இப்போது உங்கள் மகனின் சாப்பாடு. சோறு அதற்கு மேல் வருகிற உபரி. கணக்குப் பாருங்கள். 200 மில்லி பசும்பாலில் சுமார் 130 கலோரி இருக்கிறது. மூன்று டம்ளருக்கு 400 கலோரி, சர்க்கரை போட்டால் இன்னும் கூடும். நான்கு வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் தேவை 1,300 கலோரிக்குச் சற்று முன்பின். பாலும் பிஸ்கட்டும் சேர்ந்து அதில் பாதியை நெருங்கிவிட்டால், மதியம் வயிறு எப்படிக் கேட்கும்? பால் மிகுந்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. பாலே பிரதானமாக வளரும் பிள்ளைக்கு ரத்தசோகை வரும், ரத்தசோகை வந்தால் பசி மேலும் மந்தமாகும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். முதல் வருடத்தில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப்போல் மூன்று மடங்காகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்குச் சுமார் இரண்டு கிலோதான் ஏறும். அதனால் கைக்குழந்தையாக இருந்தபோது காட்டிய வேகத்தை நான்கு வயதில் எதிர்பார்க்கக் கூடாது. மருத்துவர் குறித்து வைக்கும் எடை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் பயப்பட ஏதுமில்லை.

இனிச் செய்ய வேண்டியது. பாலை நாளைக்கு 400 மில்லிக்குள் நிறுத்துங்கள். அதையும் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காமல், சாப்பிட்டு முடித்த பின் கொடுங்கள். பதினொரு மணிப் பால் கண்டிப்பாக வேண்டாம். காலை 8, பத்தரை, மதியம் 1, மாலை நாலரை, இரவு ஏழரை என்று ஐந்து நேரங்களை வைத்துக்கொண்டு, இடையில் தண்ணீர் மட்டும் கொடுங்கள். பத்தரைக்கு ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ போதும். நாலரைக்குப் பாசிப்பயறு சுண்டல், அவித்த மரவள்ளி, தை மாதமானால் பனங்கிழங்கு, இல்லாவிட்டால் ஓர் எள்ளுருண்டை. முழு வேர்க்கடலையை மட்டும் ஐந்து வயது வரை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பொடித்து உருண்டையாகப் பிடித்தால் கொடுக்கலாம்.

செல்போனை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு போர்க்களமாகும். முதல் வாரம் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் நிறுத்துங்கள். அடுத்த வாரம் இரவுக்கும் நிறுத்துங்கள். மதியம் கடைசியாகப் போகட்டும். அவன் மட்டும் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் வேளையில் நிறுத்தினால் தோற்றுப்போவீர்கள். வீட்டில் யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடும் வேளையில் தொடங்குங்கள். 25 நிமிடம் முடிந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

அளவு பெரும்பாலான வீடுகளில் தவறிப்போகிறது. வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று வையுங்கள். நான்கு வயதென்றால் காய் நான்கு கரண்டி, கூட்டு நான்கு கரண்டி. புதிய காயானால் ஒரே ஒரு கரண்டி, அதுவும் தட்டின் ஓரத்தில். தின்னாவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடியும் வையுங்கள். ஒரு புதிய ருசி நாக்குக்குப் பழக எட்டிலிருந்து பதினைந்து முறை வரை ஆகலாம். மூன்றாம் முறையிலேயே "இவனுக்கு அவரைக்காய் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுவதால்தான் பல பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மட்டும் மிஞ்சுகிறது.

முதல் நான்கைந்து நாள் அவன் இன்னும் குறைவாகத்தான் சாப்பிடுவான். அந்த நாட்களில்தான் பாட்டி மனசு கேட்காமல் மூன்று மணிக்கு முறுக்கை நீட்டுவார். தொடங்கும் முன்பே பாட்டியிடமும் பக்கத்து வீட்டிலும் சொல்லிவையுங்கள். இந்த ஏற்பாடு முறிவது பெரும்பாலும் அந்த முறுக்கில்தான்.

கேள்வி: பிள்ளைக்கென்று காரமில்லாமல் தனியாகச் சமைக்க வேண்டுமா?
- வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: வேண்டாம். தனிச் சமையல் பழகிய பிள்ளை குடும்பச் சாப்பாட்டுக்கு வர வருடக்கணக்காகும். சாம்பாரில் பருப்பும் காயும் வெந்து, மிளகாய்த்தூள் போடும் முன் இரண்டு கரண்டி எடுத்துத் தனியே வையுங்கள். அதில் சிட்டிகை சீரகத்தூளும் நெய்யும் போதும். ஒன்றரை வயதிலிருந்து மாதாமாதம் பெரியவர்களின் சாம்பாரில் ஒரு கரண்டி கலந்துகொண்டே வந்தால், மூன்று வயதுக்குள் ஒரே குழம்புக்கு வந்துவிடலாம். பெரியவர்களும் காரத்தில் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். ஒரு வயது வரை குழந்தையின் பங்கில் உப்பு சேர்க்காதீர்கள்.

கேள்வி: படுகையில் வாழைத் தோட்டம் இருக்கிறது. பூவும் தண்டும் வீட்டில் குறைவில்லை, கொல்லையில் முருங்கையும் நிற்கிறது. எட்டு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள் இந்த மூன்றையும் கண்டாலே எழுந்து ஓடுகிறார்கள். கீரை தின்றால் சாக்லேட் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தாயிற்று.
- வாசகி, திருவையாறு

பதில்: முதலில் சாக்லேட்டை நிறுத்துங்கள். கூலி கொடுத்துத் தின்ன வைக்கும் பொருள் கசப்பானது என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும்.

அடுத்து, தட்டில் எதை ஒதுக்குகிறார்கள் என்று கவனியுங்கள். பிடிவாதம் என்று நாம் நினைப்பது பல நேரம் சமையலில் விட்ட பிழை. தண்டில் நார் பல்லில் சிக்குகிறது. பூவில் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கிறது. முருங்கைக்கீரையில் காம்பு தொண்டையில் குத்துகிறது. பெரியவர்கள் பழக்கத்தால் விழுங்கிவிடுகிறோம். பிள்ளையின் நாக்கு கசப்பையும் துவர்ப்பையும் நம்மைவிடக் கூர்மையாக உணரும்.

வாழைப்பூவை எடுத்துக்கொள்வோம். விரலில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு சிவந்த மடல்களை நீக்கி, ஒவ்வொரு பூவிலும் தலை திரண்ட விறைப்பான நரம்பையும் (கள்ளன் என்று சொல்வோமே, அதையும்) அடியில் கண்ணாடிபோல் இருக்கும் செதிலையும் எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் பாதியை விட்டால் அந்தப் பாதி வேகவே வேகாது, வாயில் குச்சியாக நிற்கும். நறுக்கியதை உடனே அரை டம்ளர் மோர் கலந்த தண்ணீரில் போட்டு 15 நிமிடம் வைத்தால் கறுக்காது, துவர்ப்பும் தணியும். பிறகு உப்பும் மஞ்சளும் சேர்த்து ஐந்தாறு நிமிடம் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி ஒட்டப் பிழிந்துகொள்ளுங்கள். இந்தப் பிழிதலை விட்டுவிட்டால் முன்னால் செய்த வேலையெல்லாம் வீண்.

முதலில் பொரியலாக வைக்காதீர்கள், வடையில் தொடங்குங்கள். ஒரு டம்ளர் கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மீதியைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். பிழிந்த பூ ஒரு டம்ளர், பொடியாக நறுக்கிய வெங்காயம், இஞ்சி, சோம்பு, எடுத்துவைத்த பருப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டிப் பொரியுங்கள். மாவில் ஈரம் இருந்தால் வடை உதிரும், எண்ணெயும் குடிக்கும். இரண்டு மூன்று தடவை வடை தின்ற பிறகு அதே பூவைப் பருப்பு உசிலியாகக் கொடுங்கள். துவரம்பருப்பு அரை டம்ளர், கடலைப்பருப்பு கால் டம்ளர் ஊறவைத்து, ஒரே ஒரு காய்ந்த மிளகாயோடு கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் 12 நிமிடம் வேகவைத்து உதிர்த்து, பூவோடு சேர்த்து எண்ணெயில் புரட்ட வேண்டும். ஆவியில் வேகாமல் நேரே வாணலியில் போட்டால் கட்டிகட்டியாகி எண்ணெயைக் குடிக்கும். உசிலி பழகிய பிள்ளைக்குப் பொரியல் பெரிய விஷயமில்லை.

தண்டை வட்டமாக அரியும்போதே நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்துவிடுங்கள். பிறகு பொடியாக அரிந்து மோர்த்தண்ணீரில் போட்டு, ஈர்க்குச்சிக் கட்டால் ஒரு சுற்றுச் சுற்றினால் மிச்ச நாரும் வந்துவிடும். பாசிப்பருப்போடு கூட்டாகக் குழைய வைப்பது பிள்ளைகளுக்கு ஏற்றது.

முருங்கைக்கீரைக் கொத்தை இரவில் ஒரு துணியில் சுற்றி வைத்தால் காலையில் உதறும்போது இலை மட்டும் உதிரும், காம்பு கிளையோடு நின்றுவிடும். கால் டம்ளர் பாசிப்பருப்பு நன்றாக வெந்த பிறகு இரண்டு கைப்பிடி இளம் இலையைப் போட்டு, மூடாமல் ஐந்து நிமிடம் வைத்தால் போதும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காயைச் சீரகத்தோடு அரைத்து விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். பருப்பையும் இலையையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு நாலு விசில் விடும் வீடுகளில்தான் கீரை கறுத்துக் கசந்து, வாடையும் மாறிப்போகிறது. பாகற்காயை இந்த வயதில் வற்புறுத்த வேண்டாம். உங்கள் தட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும்.

கேள்வி: இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் பள்ளிக்கூடத்தில் காலையில் கிச்சடியைத் தட்டைத் துடைத்துச் சாப்பிடுகிறான் என்று ஆசிரியை சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உப்புமா செய்தால் தொடமாட்டேன் என்கிறான்.
- வாசகர், திருவாரூர்

பதில்: முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று உங்கள் பக்கத்துத் திருக்குவளையில்தான் அதை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கினார்கள். அந்தப் பந்தியில் இருப்பதை உங்கள் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேரம் தவறாது. எல்லார் தட்டிலும் ஒரே சாப்பாடு. "இது வேண்டாமா, தோசை ஊற்றட்டுமா?" என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்துப் பையன் சாப்பிடுகிறான். வீட்டில் இந்த நான்கும் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, தொலைக்காட்சி ஓட, அவனுக்கு மட்டும் தட்டு வைத்தால் அவனே ராஜா.

பதத்தையும் பாருங்கள். பள்ளிக் கிச்சடி தளர்வாக, சாம்பாரோடு வரும். வீட்டு உப்புமா உதிரியாக, தொண்டையை அடைக்கும். ஒரு டம்ளர் வறுத்த ரவைக்கு மூன்று டம்ளர் தண்ணீர், பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், பட்டாணி முக்கால் டம்ளர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறுகையால் கிளறுங்கள். வறுக்காத ரவையும் கொதிக்காத தண்ணீரும்தான் கட்டி தட்டக் காரணம். பள்ளி நாட்களில் வீட்டிலும் இரண்டு இட்லி ஊட்டி அனுப்பாதீர்கள். அங்கே பசி இருக்க வேண்டும்.

கேள்வி: நல்லது என்று மாப்பிள்ளை சம்பா வாங்கினோம். சோறு வடித்தால் பிள்ளைகள் "சிவப்புச் சோறு வேண்டாம்" என்கிறார்கள். இட்லிக்குப் போட்டால் கல்லாகிறது.
- வாசகி, மன்னார்குடி

பதில்: 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் வாழ்ந்த திருத்துறைப்பூண்டி உங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. இந்த அரிசிகள் இன்று டெல்டாவில் எளிதாகக் கிடைப்பதில் அவர் உழைப்பு பெரியது. ஆனால் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை சம்பாவில் தொடங்குவது ஏணியின் மேல்படியில் கால் வைப்பது போல. தவிடு கெட்டியாக ஒட்டியிருக்கும் அந்த அரிசி மெல்ல நேரம் பிடிக்கும். ஆரம்பத்துக்குத் தூயமல்லியோ கிச்சிலிச் சம்பாவோ நல்லது. இரண்டும் வெள்ளை, சோறு மென்மையாக இருக்கும். சீரகச் சம்பாவின் மணத்தை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை அபூர்வம்.

மாப்பிள்ளை சம்பாவை இட்லியில் நுழைக்கும் முறை இது. இட்லி அரிசி மூன்று டம்ளர், மாப்பிள்ளை சம்பா ஒரு டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. சிவப்பரிசியைத் தனியாக எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். இட்லி அரிசிக்கு நாலு மணி நேரம் போதும். இரண்டையும் ஒன்றாக ஊறவைத்ததுதான் உங்கள் வீட்டில் நடந்த பிழை என்று தோன்றுகிறது. தவிடு நீரை மெதுவாகத்தான் இழுக்கும். ஊறாத அரிசி கிரைண்டரில் குருணையாக நின்று, வெந்த பின் நறநறவென்று கடிபடும். சிவப்பரிசியை முதலில் நைசாக அரைத்துவிட்டு, அதன் மேல் இட்லி அரிசியைப் போட்டு அரையுங்கள். மாவு வழக்கத்தைவிடச் சற்றுத் தளர இருக்கட்டும், ஏனென்றால் புளிக்கும் நேரத்திலும் தவிடு நீரைக் குடித்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும்.

உளுந்தையும் கவனியுங்கள். சம்பா அறுத்த ஈரத்தில் விதைத்து, பங்குனி சித்திரையில் வீட்டுக்கு வரும் புது உளுந்து கிரைண்டரில் நன்றாகப் பந்துபோல் எழும்பும். ஒரு வருடம் கிடந்த உளுந்தானால் கால் டம்ளர் கூடுதலாகப் போடுங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தவிட்டரிசி அன்றாடம் வேண்டாம். சின்ன வயிற்றை நார் நிரப்பிவிடும், தேவையான பருப்புக்கும் நெய்க்கும் இடமிருக்காது.

கேள்வி: மீன் நல்லது என்கிறார்கள். முள்ளுக்குப் பயந்து ஆறு வயதுப் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை. எந்த மீன் கொடுக்கலாம்?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: சுறாப்புட்டில் தொடங்குங்கள், இறாலும் நல்லது. வஞ்சிரமும் விராலும் நடுமுள் மீன்கள். குழம்பிலிருந்து எடுத்த துண்டை நீங்களே விரலால் உதிர்த்துத் தடவிப் பார்த்துவிட்டுச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். கெண்டை ருசிதான், ஆனால் சதைக்குள் கவட்டை முள் நிறைய. பத்து வயது வரை காத்திருக்கலாம். சுறாப்புட்டுக்கு மீனை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, தண்ணீர் சொட்டாமல் பிழிந்து உதிர்க்க வேண்டும். பிழியாவிட்டால் புட்டு கூழாகும், கவிச்சியும் நிற்கும். பூண்டைத் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி: மதிய டப்பாவில் தயிர்சாதம் வைத்தால் புளித்துவிடுகிறது. சாம்பார்சாதம் வைத்தால் கட்டையாகிறது. இரண்டுமே திரும்பி வருகிறது.
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: டப்பாவில் வைக்க வேண்டியது தயிர்சாதம் அல்ல, பால்சாதம். குழைந்த சோறு ஒரு கப், காய்ச்சிய பால் முக்கால் கப் சேர்த்து மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு ஒரே ஒரு தேக்கரண்டி தயிரும் உப்பும் சேருங்கள். காலை ஏழரைக்கு மூடினால் பன்னிரண்டரைக்குப் பால் உறைந்து புளிப்பில்லாத தயிர்சாதமாக இருக்கும். சூட்டோடு தயிரைப் போட்டால் பால் திரிந்துவிடும். வெள்ளரிக்காய் கலக்காதீர்கள், நீர் விட்டுக்கொள்ளும். துருவிய கேரட்டோ மாதுளை முத்தோ போடலாம். சாம்பார்சாதத்தைக் காலையில் பாயசம் போல் தளர வைத்தால்தான் மதியம் சரியான பதத்துக்கு வரும். எதுவானாலும் ஆவி அடங்கிய பின் மூடுங்கள். தேங்காய்ச் சட்னி நம் ஊர் வெயிலில் மதியம் வரை தாங்காது. இட்லிக்குப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி அனுப்புங்கள்.

கேள்வி: ஆறு வயது மகள் ஒளிந்து ஒளிந்து பச்சரிசி தின்கிறாள். விபூதியையும் விடுவதில்லை. சாப்பாட்டில் மட்டும் நாட்டமில்லை, விளையாடினால் சீக்கிரம் களைத்துவிடுகிறாள்.
- வாசகி, பாபநாசம்

பதில்: இதைச் சமையலால் மட்டும் சரிசெய்ய முடியாது. இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். அரிசி, மண், சாம்பல், சுண்ணாம்பு தின்னும் ஆசை பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். அவளைத் திட்டுவதிலோ அடிப்பதிலோ பயனில்லை. ஹீமோகுளோபின் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இந்த வயதில் 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. குறைந்த பிறகு உணவால் மட்டும் மீட்க முடியாது, மருத்துவர் தரும் இரும்புச்சத்து மருந்து வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் அஞ்சாதீர்கள், அது மருந்தின் நிறம். களைப்பு நீங்கியதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மருத்துவர் சொன்ன மாதக்கணக்கை முடித்தால்தான் உடம்பில் இருப்பு சேரும்.

குடற்புழு மருந்து கொடுத்தீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். கொக்கிப்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே உள்ளே நுழையும். வயல் வரப்புக்கும் கொல்லைக்கும் போகும்போது காலில் செருப்பு இருக்கட்டும்.

சாப்பாட்டில் முட்டை, மீன், வாரம் ஒருமுறை ஈரல், சைவமானால் முருங்கைக்கீரை, எள், கேழ்வரகு, பயறு சேருங்கள். கீரையும் பயறும் உள்ள வேளையில் எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கொய்யாவோ கூட இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். டீயும் காபியும் அதைத் தடுக்கும். பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். மலச்சிக்கல் இருந்தாலும் பசி போகும், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்து வயதுப் பெண் அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். உதவி கேட்கலாமா?
- வாசகி, வலங்கைமான்

பதில்: கேளுங்கள். தன் கை பட்ட பண்டத்தைப் பிள்ளை ஒருமுறையாவது வாயில் வைத்துப் பார்க்கும். தீயும் அரிவாள்மனையும் இல்லாத வேலைகள் நிறைய இருக்கின்றன. பட்டாணி உரிக்கலாம், மொச்சை பிதுக்கலாம், அவித்த முட்டையின் ஓட்டை எடுக்கலாம், அரைக்கீரைக் கட்டைப் பிரித்து ஆயலாம். கீரை ஆயச் சொன்னால் அரைக் கட்டை மட்டும் கொடுங்கள். முழுக் கட்டென்றால் பாதியில் எழுந்துவிடுவாள். காம்பு எது, பழுத்த இலை எது என்று ஒருமுறை காட்டினால் போதும். அவள் விட்ட காம்புகளை அவள் கண்ணெதிரே திருத்தாதீர்கள், அலசும்போது எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்குக் கீரையை முதலில் அவளே எல்லார் தட்டிலும் பரிமாறட்டும், கடைசியில் தன் தட்டில் வேண்டிய அளவுக்கு அவளே போட்டுக்கொள்ளட்டும்.